கரம் தளர்ந்த பின்னும்



தாலந்து உவமையைக் கேட்கும்போதெல்லாம் இரண்டு வகை மனிதரையே நாம் நினைத்துக்கொள்கிறோம். பெற்றதைப் பெருக்கியவன் ஒருவன். மண்ணிலே புதைத்தவன் மற்றொருவன். ஆனால் பெற்ற கொடையைப் புதைக்காமல், முழுப் பலத்தோடும் பயன்படுத்தி, அப்படியும் வெறுங்கையோடு நின்ற மனிதனை எந்த வரிசையில் வைப்பது? ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க விளையாட்டு வீரரின் வாழ்க்கை இந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது.

1939ஆம் ஆண்டு கொனற்றிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரிலே, ஒரு தொழிலாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருடைய ஆட்டம் பேஸ்போல். கிரிக்கட்டைப் போலன்றி இங்கே பந்து நிலத்தில் படாமலே அடிப்பவனிடம் செல்லவேண்டும். 17 அங்குல அகலமுள்ள தட்டுக்கு மேலாக, அவனது முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே அது போகவேண்டும். அப்படி வரும் பந்துகளில் மூன்றைத் தவறவிட்டால் அவன் ஆட்டமிழப்பான். வீசுபவர் நான்கு முறை இலக்குத் தவறினாலோ, அடிக்காமலே முதலாம் தளத்துக்கு அவன் நடந்து போவான்.

டல்கோவ்ஸ்கியின் இடக்கரத்துக்கு அபூர்வமான வேகம் அருளப்பட்டிருந்தது. அவ்வளவு வேகமான பந்தைத் தாங்கள் கண்டதேயில்லை என்று அவரோடு ஆடிய பலர் சாட்சி சொன்னார்கள். 1957இல் பால்ரிமோர் ஓரியோல்ஸ் நிறுவனம் 4,000 டொலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்து, மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பியது. பெரிய அணிக்கு ஏறுவதற்கான படிக்கட்டு அதுவே. முதற் கோடையிலே 121 பேரை அவர் ஆட்டமிழக்கச் செய்தார். 129 பேரை இலவசமாக நடக்கவிட்டார். 1960இல் கலிபோர்னியாவின் ஸ்டொக்ரன் அணியில் வீழ்த்தியது 262 பேர். நடக்கவிட்டதும் 262 பேர்! வலக்கை சேர்த்ததை இடக்கை இறைத்தது போலாயிற்று.

புத்தி சொன்னவர்கள் பலர். குறுகிய தூரத்தில் நின்று வீசவைத்தார்கள். ஆட்டத்துக்கு முன்பே வீசவைத்துக் களைப்படையவும் செய்தார்கள். பலனில்லை. 1962இல் நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் என்ற முகாமையாளர் அவருக்குக் கிடைத்தார். புத்திமதிகளை இன்னும் அடுக்குவதற்குப் பதிலாக, அந்த இளைஞரால் எவ்வளவு ஏற்கமுடியும் என்று வீவர் பார்த்தார். சொல்வதைக் குறைத்து, எளிதாக்கினார். அந்த ஆண்டு வீழ்ந்தவர் 192. நடந்தவர் 114 மட்டுமே. பத்துப் பேரின் அதட்டல் செய்யாததை ஒருவரின் பொறுமை செய்தது.

1963 மார்ச் மாதம், பெரிய அணியின் வாசலிலே நின்றபோது, பயிற்சி ஆட்டமொன்றில் அவருடைய இடது முழங்கை பழுதுபட்டது. பழைய வேகம் திரும்பவேயில்லை. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே சில ஆண்டுகளில் ஆட்டவாழ்வு முடிந்தது. ஆடிய காலத்திலேயே பற்றிக்கொண்ட மதுப்பழக்கம் இப்போது அவரை முழுதாக விழுங்கியது. கலிபோர்னியாவின் தோட்டங்களில் பருத்தியும் பழமும் பறிக்கும் கூலியாளானார். நிரையின் முடிவிலே மதுப்போத்தலை வைத்துவிட்டு, அதை நோக்கியே பறித்துச் செல்வார் என்று சொல்வார்கள். புனித சின்னப்பர் விளையாட்டு வீரரின் தன்னடக்கத்தை விசுவாசிக்கு முன்மாதிரியாக வைத்தார். அந்த அடக்கம் பந்திலும் கைகூடவில்லை, வாழ்விலும் கைகூடவில்லை.

இங்கே நாம் தீர்ப்பெழுத விரும்பினால் எழுதிவிடலாம். ஆண்டவரோ அவருடைய கதையை இவ்விடத்தில் முடிக்கவில்லை.

1992ஆம் ஆண்டு, நத்தாருக்கு முந்திய இரவு. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சலவைநிலையம் ஒன்றுக்குள் வீடற்ற ஒருவர் நுழைந்தார். அங்கிருந்த ஒரு குடும்பத்தார் அவரோடு பேச்சுக்கொடுத்து, நிலையறிந்து, தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். அவர் யார், ஒரு காலத்தில் அவருடைய கரம் என்ன செய்தது என்பதொன்றும் அவர்களுக்குத் தெரியாது. சத்திரத்தில் இடமின்றித் தவித்த திருக்குடும்பத்தை நாம் நினைக்கும் அதே இரவிலே ஒரு கதவு திறந்தது!

1994இல் அவருடைய சகோதரி அவரைப் பிறந்த ஊருக்கே கொண்டுவந்து, ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். மதுவினால் அவருடைய ஞாபகசக்தி பெரிதும் அழிந்திருந்தது; நெடுநாள் வாழ்வார் என்று எவரும் நினைக்கவில்லை. ஆனால் மதுவை விட்டு, உற்றாரின் அரவணைப்பில் மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தார். 2003இல் பால்ரிமோர் மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும் மரியாதைப் பந்தை எறிந்தார். 2020 ஏப்ரலில், கொரோனா நோய்த்தொற்றினால், 80ஆவது வயதில் கண்மூடினார்.

பெற்றோரே, இந்தக் கதையில் உங்களுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பிள்ளையின் திறமையைக் கண்டு மகிழுங்கள். ஆனால் திறமைக்கு ஈடாகப் பொறுமையாகப் பழக்க வேண்டியதும் உண்டு என்பதை மறவாதீர்கள். அதட்டுமுன், அவனால் எவ்வளவு தாங்கமுடியும் என்று பாருங்கள்.

மற்றப் பாடம் இதைவிடக் கடினமானது. பரீட்சையில் தேறாத மகன், குடிக்கு அடிமைப்பட்ட சகோதரன், உழைப்பிழந்து வந்த தகப்பன், இவர்களை நாம் எதைக்கொண்டு அளக்கிறோம்? கரம் வேகமாயிருந்தபோது டல்கோவ்ஸ்கியைப் புகழ்ந்தவர் ஆயிரம் பேர். கரம் தளர்ந்த பின் கதவைத் திறந்தவர்கள் ஒரு குடும்பத்தாரும் ஒரு சகோதரியும். நல்லாயன் காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்றது அதன் கம்பளியைக் கணக்குப் பார்த்தல்ல. அது தம்முடைய ஆடு என்பதற்காகவே.

இன்றிரவு குடும்பச் செபத்துக்கு முழந்தாளிடும்போது, நம் வீட்டில் எவருடைய பெயர் சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். அந்தப் பெயரைச் சொல்லிச் செபிப்போம். விடிந்ததும் அவரைத் தேடிப் போவோம்.