தொண்டுக்குப் பின் படிப்பு – யாருக்காக?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது ஓர் ஆச்சி என்னை வழிமறித்தார். கனடாவில் பிறந்து வளர்ந்த அவருடைய பேத்தி, பட்டம் பெற்ற கையோடு ஆபிரிக்காவிலுள்ள மலாவி நாட்டுக்குப் போய், ஒரு கிராமப் பாடசாலையில் இரண்டு வருடம் தொண்டராகக் கணிதம் படிப்பித்தவள். தவணை முடிந்தது, பிள்ளை வீடு திரும்பும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளோ நெதர்லாந்தில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதென்று அறிவித்து, நேரே அங்கு போக ஆயத்தமாகிறாளாம்.

"சுவாமி, தொண்டுதான் பெரிசெண்டால் அங்கையே நிண்டிருக்கலாம். படிப்புத்தான் பெரிசெண்டால் ஏன் அங்கை போனவள்? அந்தப் பிள்ளையளை விட்டிட்டு வந்தது சரியோ?"

ஆச்சிக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. சொல்லத்தக்க பதில் என்னிடம் இருக்கவில்லை என்பதே உண்மை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இது ஒரு வீட்டுக் கேள்வியுமல்ல. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சமாதானப் படையைத் தொடக்கிய நாளிலிருந்து இன்றுவரை இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் அதன் வழியாகப் பிறநாடுகளுக்குத் தொண்டராகப் போயிருக்கிறார்கள். 1962இல் நம்முடைய இலங்கைக்கும் வந்தார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் அவர்களில் பலர் நாடுவது பல்கலைக்கழகத்தைத்தான்.

இந்த விஷயத்தில் நமக்கு முன்மாதிரி ஒருவர் உண்டு. புனித இஞ்ஞாசியாரை நாம் சபை நிறுவியவராக அறிவோம்; முதிர்ந்த வயதில் மாணவனானவராக அதிகம் நினைப்பதில்லை. போரிலே கால் முறிந்து மனந்திரும்பிய அந்தப் படைவீரர் மன்றேசா நகரில் பிச்சையெடுத்து உண்டு, மருத்துவமனையில் நோயாளரைப் பராமரித்தார். 1523இல் யெருசலேமுக்குப் போனார். அங்கேயே தங்கி ஆத்துமங்களுக்கு உதவி செய்து சாகவேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆனால் புனித தலங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர், "நீர் போகத்தான் வேண்டும்" என்றார். மறுப்போரைத் திருச்சபையிலிருந்து விலக்கும் அதிகாரம் தமக்குண்டென்றும் சொன்னார். சில வாரங்களிலேயே இஞ்ஞாசியார் கப்பலேற நேர்ந்தது.

கெரசேனர் நாட்டில் பேய் நீங்கிக் குணமடைந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். ஆண்டவரோடு படகில் ஏற அவன் மன்றாடினான். அதைவிட நல்ல ஆசை உண்டோ? ஆண்டவர் அவனை ஏற்றவில்லை, வீட்டுக்கு அனுப்பினார். நல்ல ஆசை என்பதனாலேயே அது நமக்கு விதிக்கப்பட்டதாகிவிடாது.

திரும்பி வந்த இஞ்ஞாசியார், ஆத்துமங்களுக்கு உதவ வேண்டுமாயின் முதலில் தாம் படிக்கவேண்டும் என்று தீர்மானித்தார். பார்சலோனா நகரில், முப்பது வயது தாண்டியவர், சின்னப் பையன்களோடு வாங்கில் இருந்து இலத்தீன் இலக்கணம் மனனம் பண்ணினார். அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. புத்தகத்தைத் திறந்தால் போதும். உள்ளத்தில் தேவ இன்பம் பொங்கும், தியான சிந்தனைகள் அலைமோதும், பாடம் ஏறாது. ஜெபத்தில் இல்லாத இன்பம் இலக்கணத்தில் வருவானேன் என்று யோசித்தவர், இது சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று, "இரண்டு வருடமும் ஒரு பாடமும் தவறவிடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

தொண்டிலிருந்து படிப்புக்குப் போகும் பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். நூலகத்தில் இருக்கும்போது கிராமத்து நினைவு வந்து, 'இங்கே நான் என்ன செய்கிறேன்?' என்று வாட்டும். அதை எப்போதும் மனச்சாட்சியின் குரல் என்று எண்ணிவிடாதீர்கள். சில வேளைகளில் அது நாளைய பரீட்சைக்குப் பயந்த சோம்பலாகவும் இருக்கலாம்!

பிறகு பாரிஸ். 1528இல் கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கூடத் தங்கியிருந்த ஒருவர் செலவழித்துவிட்டார். வாடகை கொடுக்க வழியில்லாமல் ஏழைகளுக்கான மருத்துவமனையில் இடம் பிடித்து, விடுமுறைகளில் பிளாண்டர்ஸ் வரை, ஒருமுறை இலண்டன் வரை போய்ப் பிச்சை சேர்த்தார். பணத்தைச் செலவழித்த அதே மனிதர் ரூவான் நகரில் நோயாய்க் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதும், வகுப்பை விட்டு வெறுங்காலோடு அங்கு நடந்தார். ஒரு பாடமும் தவறவிடமாட்டேன் என்று முன்பு வாக்குக் கொடுத்தவர்தான்! முதுமாணிப் பட்டம் பெற்றது 1535இல்.

இன்றைய மாணவருக்குப் பிச்சையெடுக்கும் அவசியமில்லை, புலமைப்பரிசில்கள் உண்டு. 1985இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரி, திரும்பி வந்த சமாதானப் படைத் தொண்டருக்கு ஓர் உதவித் திட்டம் தொடக்கியது. படிக்க உதவி கிடைக்கும். ஆனால் அந்நகரத்தின் அரசாங்கப் பாடசாலைகளில் படிப்பிக்கவும் வேண்டும். இன்று அத்தகைய திட்டம் பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. படிப்பவர் வசதி குறைந்த மக்களிடையே வேலை செய்வது அதன் நிபந்தனை. உலகத்தார் வகுத்த ஒழுங்குதான். ஆனாலும் எனக்குப் பிடித்த ஒழுங்கு.

எனக்குப் பயம் வேறோர் இடத்தில். மேற்படிப்புக்கு விண்ணப்பிப்போரிடம் பல்கலைக்கழகங்கள் ஒரு கட்டுரை கேட்பது வழக்கம்: ஏன் படிக்க விரும்புகிறீர், இதுவரை என்ன செய்தீர் என்று. வறிய கிராமத்திலிருந்து வந்தவருக்கு எழுத விஷயமா இல்லை? எழுதுவது பாவமுமல்ல. ஆனால் கை சறுக்கும். வரிக்கு வரி தொண்டர் பெரியவராவார், கிராமத்தார் சிறுத்துப்போவார்கள். சோளமாக் களியைப் பகிர்ந்து கொடுத்த வீட்டுக்காரி, பாஷை தெரியாமல் தடுமாறியபோது சிரிக்காமல் திருத்திய மாணவன், இவர் வருமுன்னும் போனபின்னும் அதே வகுப்பில் நின்று படிப்பிக்கும் உள்ளூர் ஆசிரியர் ஆகியோருக்கு அங்கே இடமிராது. கடைசியில் ஏழையின் வறுமை, செல்வந்த நாட்டுக் கலாசாலைக் கதவுக்கு ஒரு திறப்பாகிவிடும். ஆலயத்தில் நின்று தன் நற்செயல்களைக் கணக்குச் சொன்ன பரிசேயனும் பொய் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவன் சொன்னதெல்லாம் உண்மைதான்.

பாரிசில் இஞ்ஞாசியாரோடு ஓர் அறையில் இருந்தவர் சவேரியார். அவர் முத்துக்குளித்துறைத் தமிழர் நடுவில் ஓராண்டுக்கு மேல் உழைத்தபின், 1544 தை மாதத்தில் கொச்சியிலிருந்து தம் தோழருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐரோப்பியக் கலாசாலைகளுக்கு, விசேஷமாகப் பாரிசுக்குப் போய், அன்பிலும் அறிவே மிகுந்த படிப்பாளிகளைப் பார்த்துப் பைத்தியக்காரனைப்போல் கத்தவேண்டும் என்று தமக்கு அடிக்கடி தோன்றுவதாக அதில் சொல்கிறார். அதே ஆண்டில் அவர் மன்னாருக்கு ஒரு குருவை அனுப்பியதும், அங்கே ஞானஸ்நானம் பெற்றோர் இரத்தம் சிந்தியதும் நம் வீட்டு வரலாறு. சவேரியார் படிப்பை வெறுத்தவரல்ல. தாமே பாரிசில் பட்டம் பெற்றுப் படிப்பித்தவர். கடற்கரையிலே தம் கையைப் பிடித்த மனிதரை அவரால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆச்சியைக் கண்டபோது இவ்வளவும் சொல்லவில்லை. "பிள்ளை ரெலிபோன் எடுக்கும்போது, தான் படிப்பித்த பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கோ. ஒரு வருடம் கழித்து இன்னுமொருக்கால் கேளுங்கோ" என்றேன்.

போன ஞாயிறு வந்து சொன்னார்: "கேட்டனான், சுவாமி. முப்பத்தொரு பேரின்ரை பெயரை மளமளவெண்டு சொன்னவள். அதிலை ஒரு பெட்டைக்குப் பள்ளிக்கூடத்துக் காசும் அனுப்பிறாளாம். எனக்குத்தான் ஒரு பெயரும் வாயிலை நுழையேல்லை. செபமாலை சொல்லேக்கை என்னெண்டு நேருறது?"