காகித விண்மீனும் காத்திருக்கும் இல்லமும்

திருவருகைக் காலம் தொடங்கியதும் சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள கிறிஸ்தவ இல்லங்களின் வாசல்களில் விண்மீன்கள் ஒளிரத் தொடங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை. வண்ணத்தாளை மடித்து, பசை தடவி, வீட்டிலேயே விண்மீன் செய்யும் குடும்பங்கள் அருகி வருகின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றை, ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிட்டு நாமே செய்வதில் பொருள் உண்டா? சிறு கேள்விதான். ஆனால் நம் நேரத்தை யாருக்காக, எதற்காகச் செலவிடுகிறோம் என்னும் பெரிய கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

கையால் செய்தது உயர்ந்தது, வாங்கியது தாழ்ந்தது என்று விரைந்து தீர்ப்பிடுதல் நேர்மையாகாது. நாசரேத்துத் தச்சரின் குடும்பம் எதனால் உயிர் வாழ்ந்தது? ஊரார் அனைவரும் தத்தம் கதவையும் நுகத்தடியையும் தாமே செய்துகொண்டிருந்தால் யோசேப்பின் பட்டறையில் வேலை நடந்திருக்குமா? பிறர் உழைப்பை நியாயமான விலை கொடுத்து வாங்குவதும் ஓர் அறமே. கடையில் தொங்கும் விண்மீனுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய கைகள் இருக்கின்றன. அவருடைய அடுப்பும் எரிய வேண்டும்.

விண்மீனின் வரலாறும் இதையே காட்டுகிறது. பல முனைகள் கொண்ட காகித விண்மீன், ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவிய சபையார் நடத்திய பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிவகணிதப் பாடமாக உருப்பெற்றது. மாணவர் காகிதக் கூம்புகளை ஒட்டி அதனைச் செய்தனர். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அது விற்பனைப் பொருளாகிப் பலருக்குப் பிழைப்பும் தந்தது. அதில் தவறில்லை. எனினும் பாடமாக இருந்தபோது அது கற்பித்த ஏதோ ஒன்று, பண்டமானபோது வாங்குவோர் கைக்கு வரவில்லை. அது என்ன என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

அதை அறிய, விண்மீன் செய்யப்படும் முறையைச் சற்று நோக்குவோம். ஐந்து முனை விண்மீனின் நடுவிலிருந்து பத்து மடிப்புகள் விரிகின்றன. முனைகளை நோக்கிச் செல்லும் ஐந்தும் மேடாகவும், முனைகளுக்கு இடையேயுள்ள உள்மூலைகளை நோக்கிச் செல்லும் ஐந்தும் பள்ளமாகவும் அமைதல் வேண்டும். அவ்வாறு அமைந்தால் தட்டையான தாள் தானே மேலெழும்பும். அத்தகைய இரண்டை ஓரம் பொருத்தி ஒட்டி, உள்ளே விளக்கு வைத்தால் விண்மீன். துவண்டு விழும் தாள் மடிப்பு விழுந்ததும் நிமிர்ந்து நிற்கிறது. புதிதாக எதையும் அதனோடு நாம் சேர்க்கவில்லை; மடங்கிக் கொடுத்ததனாலேயே அது வலிமை பெற்றது. ஆனால் அவசரப்பட்டால் மடிப்பு பிசகும். பிசகிய தடம் தாளைவிட்டு அகலாது. எனவே பாட்டி ஓரத்தைப் பிடிக்க, பேரன் நகத்தால் நீவ, தாய் பசை தடவ, அது உலரும்வரை எல்லோரும் பொறுத்திருக்க வேண்டும்.

அந்தப் பசைக்கும் நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வயல்களில் விளையும் குச்சிக்கிழங்கின் மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பிலிட்டுத் துழாவி, கண்ணாடிபோல் தெளிந்ததும் இறக்கினால் போதும். 1960இல் நிறுவப்பட்ட காகித ஆலை நம் பள்ளிபாளையத்திலேயே இருக்கிறது. தத்துவ போதகர் எனப் போற்றப்பெறும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1623இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தபோது, நற்செய்தியை இந்நாட்டு மொழியிலும் உடையிலும் கொண்டுவந்தார். அயல்நாட்டுப் பள்ளியொன்றில் பிறந்த விண்மீனும் நம் தாளாலும் நம் கிழங்கு மாவாலும் உருப்பெறும்போது நம்முடையதாகிறது.

பாடமாயிருந்த விண்மீன் கற்பித்தது பொறுமையையே, அதிலும் சேர்ந்து காத்திருத்தலையே. திருவருகைக் காலம் என்பதே காத்திருப்பின் காலம். விண்மீனைக் கடையில் வாங்கலாம். காத்திருப்பை வாங்க இயலாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019 டிசம்பர் 1 அன்று கிரேச்சோவில் கையொப்பமிட்ட மடலில், இல்லங்களில் குடில் அமைக்கும் மரபைப் போற்றினார். பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் பிள்ளைகள் அதனைக் கற்பதை நினைவூட்டினார். குடிலுக்குச் சொன்னது விண்மீனுக்கும் பொருந்தும்.

ஆயினும் இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதே. நேரம் யாரிடம் இருக்கிறது? குமாரபாளையத்தின் விசைத்தறியில் நெய்த அளவுக்கே கூலி பெறுபவர் ஒரு மாலையை இழந்தால் அம்மாலையின் கூலியையும் இழக்கிறார். நாமக்கல்லிலிருந்து சரக்கேற்றிச் சென்ற லாரி ஓட்டுநர் டிசம்பர் 24 இரவில் எந்த மாநிலத்துச் சாலையில் இருப்பாரோ! அவர்களிடம் சென்று, நீங்களே விண்மீன் செய்யுங்கள் என்று அறிவுரை கூறுவது பக்தி அன்று, கொடுமை. களைத்து வீடு திரும்பும் தந்தை கடையிலிருந்து கொண்டுவரும் விண்மீனில் அவருடைய அன்பு முழுவதும் இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை.

ஆகவே கடமை வேறு பக்கம் திரும்புகிறது. நேரம் இல்லாதவரை நாம் குறைகூற வேண்டியதில்லை. நேரம் உள்ள நாம் அதை யாரோடு பகிர்கிறோம் என்பதே கேள்வி. இறப்பு நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு விண்மீன் தொங்கவிடாத வழக்கம் நம்மிடையே பல குடும்பங்களில் உண்டு. அவ்வீட்டைக் கடக்கும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறோம். அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அன்றோ? வாங்கிய விண்மீனை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். செய்யும் விண்மீனுக்கோ உள்ளே சென்று, பாய் விரித்து, ஒரு மணி நேரமாவது உடன் அமர வேண்டும். ஆறுதல் மொழி எதுவும் வாயில் வராதபோது, கைகளுக்கு ஒரு வேலை இருப்பது எவ்வளவு பெரிய துணை! அந்த விண்மீனை அவர்கள் தொங்கவிடுவதும் விடாததும் அவர்கள் விருப்பம். நம் அன்பியக் கூட்டங்கள் திருவருகைக் காலத்தில் ஒரு மாலையையேனும் இதற்கென ஒதுக்கலாகாதா?

மத்தேயு நற்செய்தியில் விண்மீன் ஞானிகளுக்கு முன்னே செல்கிறது. குழந்தை இருந்த இடத்திற்கு மேல் வந்து நிற்கிறது. அதன்பின் நற்செய்தியாளர் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அடையாளத்தின் பணி குழந்தையிடம் கொண்டு சேர்ப்பதோடு நிறைவுறுகிறது. நம் காகித விண்மீனும் திருக்காட்சிப் பெருவிழா கழிந்ததும் கிழியும், வெளிறும், குப்பைக்குப் போகும். அதனால் செய்த உழைப்பு வீணாகாது. ஒரு முனை கோணலாயிருந்தாலும் குறையில்லை. யாரை யாரிடம் கொண்டு சேர்த்தது என்பதே அதன் மதிப்பு.

1930இல் தோன்றிய நம் சேலம் மறைமாவட்டத்தின் பேராலயம் குழந்தை இயேசுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்குழந்தையை நோக்கிச் செல்லும் வழி, இவ்வாண்டு, விண்மீன் ஒளிராத அண்டை வீட்டின் வாசல் வழியாகவும் செல்லக்கூடும். கையில் இரண்டு தாள்களோடு அவ்வாசலில் நுழைவோமாக.