புது வீடு மந்திரிக்குமுன்



சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடியேற வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள ஆசை. அது நல்ல ஆசைதான். புது வீடு கட்டி இன்னும் அதில் குடிபுகாதவனைப் போருக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பழைய ஏற்பாட்டில் கட்டளையே இருந்தது (உபாகமம் 20). மனிதன் தன் வீட்டில் குடியேறும் சந்தோஷத்தைச் சர்வேசுரன் அவ்வளவு மதித்தார்.

வானம் தோண்டிய நாள் முதல் வீட்டுக்காரருக்கு உறக்கம் ஏது? காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போய்ப் பார்க்கிறார். செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி ஓசை கேட்கிறார். மணலைக் கையில் அள்ளித் தேய்த்து மண் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கும்போது பக்கத்திலேயே நிற்கிறார். வாழ்நாள் சம்பாத்தியமல்லவா! பார்க்க வேண்டியதுதான். வேலை முடிந்ததும் பங்குச் சுவாமியாரை அழைக்கிறார். சுவாமியார் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரிக்கிறார்.

ஆனால் தீர்த்தம் சுவரின் மேல்தான் விழுகிறது. சுவருக்குள்ளே என்ன வைத்துக் கட்டியிருக்கிறோம்? அதைச் சுவாமியார் பார்க்க முடியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும். செங்கல்லைத் தட்டிப் பார்த்ததுபோல் மனச்சாட்சியையும் மூன்று இடத்தில் தட்டிப் பாருங்கள்.

முதலாவது, கூலி. யூதேயாவில் யோவாக்கிம் என்று ஓர் அரசன் இருந்தான். விசாலமான மேல்மாடி, பெரிய சன்னல்கள், கேதுரு மரப் பலகை, சிவப்பு வர்ணம் என்று அரண்மனை கட்டினான். வேலை செய்தவர்களுக்கு மட்டும் கூலி கொடுக்கவில்லை. அவனுக்கு ஐயோ கேடு என்றார் எரேமியாஸ் தீர்க்கதரிசி (22-ம் அதிகாரம்). அவன் தந்தை யோசியாசும் உண்டு குடித்து வாழ்ந்தவர்தான். ஆனால் எளியவனுக்கு நீதி செய்தார், அவருக்கு நன்மையாயிற்று என்றும் சொன்னார். மாடி கட்டியதற்காக அல்ல, ஏழையின் கூலியை வைத்துக் கட்டியதற்காகவே அரசன் கண்டிக்கப்பட்டான். கூலிக்காரனுக்குரியதைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்பது மோயீசன் வழியாக வந்த கட்டளை. கூலியை மறுப்பது வானத்தை நோக்கி முறையிடும் நான்கு பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். 1891-ம் ஆண்டில் 13-ம் லியோ பாப்பரசர் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்திலும் இதையே வற்புறுத்தினார்.

“நான் கண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டேன், அவர் கொடுத்தாரோ இல்லையோ, எனக்கென்ன?” என்பீர்கள். சாந்துச் சட்டியைத் தலையில் சுமந்து உங்கள் மாடிக்கு ஏறிய சித்தாள் சனிக்கிழமை மாலையில் வெறுங்கையோடு போவதைக் கண்டும் காணாததுபோல் இருக்கலாமா? ஒரு வார்த்தை கேளுங்கள். சேசுநாதர் சுவாமி செய்துவந்த தொழிலுக்குச் சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் ‘தெக்தோன்’ என்று பெயர். மரவேலையும் கட்டுவேலையும் செய்கிறவனுக்கு அந்தப் பெயர் வழங்கும். கூலிக்காக உங்கள் வாசலில் நிற்பவர் அவருடைய இனத்தார் என்பதை மறவாதிருங்கள்.

இரண்டாவது, உயிர்ச் சேதம் வராதபடி காப்பது. புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டு. ஒருவன் விழுந்து செத்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு (உபாகமம் 22). வீட்டின் அழகைப் பற்றியல்ல, பிறர் உயிரைப் பற்றியே சர்வேசுரன் பேசினார். ஆகையால், சாரம் உறுதியாய் இருக்கிறதா? தரைத்தொட்டிக்கு மூடி போட்டாயிற்றா? வேலைக்காக இழுத்த மின்சாரக் கம்பி ஈரத்தில் கிடக்கிறதா? சித்தாளின் குழந்தை மணல் மேட்டில் விளையாடுகிறதே, அதை யார் பார்க்கிறார்கள்? இவையும் பக்தியைச் சேர்ந்த காரியங்கள்தான்.

மூன்றாவது, அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நமதாண்டவர் சொன்னார். எதிர்வீட்டில் மாடி எழும்பியது என்பதற்காக நாமும் கடன் வாங்கி மாடி எழுப்பினால், மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது, பேச்செல்லாம் சண்டையாகிறது. எல்லாருக்கும் அறை பிரித்தபின், பெற்ற தாய்க்கு மாடிப்படியின் அடியில் ஒரு கட்டில்! அந்த வீட்டுக்கு எத்தனை சன்னல் வைத்தால்தான் வெளிச்சம் வரும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டு வேலை நடக்கும்போதுதான் பல குடும்பங்களில் செபமாலை நின்றுவிடுகிறது; ஞாயிறு பூசைக்குக்கூட வீட்டுக்காரரைக் காணோம். “வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்கிறார்கள். காங்கிரீட் தளம் போட்டதும் கொத்தனார் என்ன சொல்கிறார்? பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள் என்கிறார். குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் ஊற வேண்டும். அதன் பலத்தை 28-ம் நாளில்தான் சோதித்து அளக்கிறார்கள். இளந்தளம் காய்ந்து வெடித்தபின் குடம் குடமாய் ஊற்றினாலும் வெடிப்பு மூடாது. குடும்பமும் அப்படியே. மனம் அலைந்து, பணம் முடைப்பட்டு, கோபம் ஏறும் இந்த மாதங்களில்தான் செபத்தின் ஈரம் தினமும் வேண்டும். வாடகை வீட்டின் சிறிய கூடத்திலேயே இன்று இரவு எல்லாரும் முழந்தாளிடுங்கள். புது வீட்டுக்கு அதுவே முதல் அஸ்திவாரம்.

ஆகையால், வீடு மந்திரிக்கத் தேதி குறிக்குமுன் கூலிபாக்கியைத் தீர்த்துவிடுங்கள். வேலியைப் பற்றி அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் இருந்தால் போய்ப் பேசிச் சமாதானமாகுங்கள். அம்மாவுக்குக் காற்றோட்டமான இடம் ஒதுக்குங்கள். அன்றைய விருந்தில் கொத்தனாரையும் சித்தாளையும் முதல் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.

அதன்பின் சுவாமியார் வாசற்படியில் நின்று உங்கள் வீட்டுக்குச் சமாதானம் கூறும்போது, அந்தச் சமாதானம் திரும்பிப் போகாமல் உள்ளே வந்து தங்கும். அந்தப் பாக்கியத்தைத் திருக்குடும்பத்தின் மன்றாட்டினால் சர்வேசுரன் உங்கள் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக. ஆமென்.