பூஞ்சைக்குத் தியாகம் தெரியாது

மழை விட்டதும் வேலியோரம் முளைக்கும் காளானைத்தான் நாம் பூஞ்சை என்று நினைத்துக்கொள்கிறோம். மாங்காயைக் காட்டி இதுதான் மாமரம் என்பது போன்றது அது. வித்துகளைப் பரப்புவதற்காக வெளியே எழும் உறுப்புதான் காளான், சில நாள்களில் அழுகிவிடும். பூஞ்சையின் உடல் மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்குள்ளும் நூல் நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தாவரத்தைப் போல ஒளியில் உணவு தயாரிக்கத் தெரியாது. விலங்கைப் போல விழுங்கவும் முடியாது. நொதிகளை வெளியே சுரந்து, அங்கேயே செரிக்க வைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. நெடுங்காலம் தாவரக் கூட்டத்திலேயே எண்ணப்பட்டு வந்த இந்த உயிர்களுக்கு, 1969இல் ராபர்ட் விட்டேக்கர் முன்வைத்த ஐந்துலக வகைப்பாட்டில்தான் தனி இடம் கிடைத்தது.

விழுந்த மரத்தையும் உதிர்ந்த இலையையும் மண்ணாக மாற்றும் வேலையில் பெரும்பங்கு பூஞ்சைகளுடையது. நிலத்தாவரங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவற்றின் வேர்களில் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. வேர் எட்ட முடியாத இடுக்குகளிலிருந்து பாஸ்பரஸையும் நீரையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. இந்தக் கூட்டுக்கு 1885இல் ஏ.பி. ஃபிராங்க் என்ற ஜெர்மானிய அறிஞர் ‘மைக்கோரைசா’ என்று பெயர் வைத்தார்.

இதை மாணவிகளிடம் சொல்லும்போதெல்லாம் ஒருத்தியாவது, “எங்க அம்மா மாதிரியே இருக்கு மேடம்” என்பாள். வகுப்பே தலையசைக்கும். வெளியே தெரியாமல் எல்லாரையும் தாங்கி நிற்கும் உழைப்பு என்றதும் நமக்கு அம்மாதான் நினைவுக்கு வருகிறாள். அந்த ஒப்புமையைத்தான் இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன்.

இந்த ஒப்புமை நம் ஊரில் மட்டும் பிறந்ததில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வனத்துறை ஆய்வாளராக இருந்தவர் சுசான் சிமார்ட். அங்கே வணிக மதிப்புள்ள ஊசியிலை மரங்களுக்குப் போட்டி என்று கருதி பிர்ச் மரங்களைக் களையாக நினைத்து அழித்து வந்தார்கள். சிமார்ட் பிர்ச், டக்ளஸ் ஃபிர் கன்றுகளுக்கு அடையாளமிட்ட கரியமில வாயுவைக் கொடுத்துப் பார்த்தார். பிர்ச் எடுத்துக்கொண்ட கரியில் ஒரு பகுதி ஃபிருக்குப் போயிருந்தது. நிழலில் தவித்த ஃபிருக்கு அதிகம் போயிருந்தது. பூஞ்சை இழைகளே அதற்கு வழி என்று அவர் குழு கருதியது. 1997இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. களை என்று வெட்டப்பட்டதன் பயனை ஒரு பெண் ஆய்வாளர் நிறுவிக் காட்டியது சிறிய காரியமில்லை.

ஆனால் பிறகு அந்தக் கதை வளர்ந்தது. ‘தாய் மரம்’ தன் பிள்ளைகளை அடையாளம் கண்டு மண்ணுக்கடியில் ஊட்டுகிறது என்று உலகமே பேசத் தொடங்கியது. 2023இல் மூன்று ஆய்வாளர்கள் சான்றுகளை மறுபடி அலசினார்கள். அவர்களில் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997 கட்டுரையைச் சிமார்டோடு சேர்ந்து எழுதியவர். முதிர்ந்த மரங்கள் பூஞ்சை வலைவழியாகத் தம் வழித்தோன்றல்களைத் தேர்ந்து பேணுகின்றன என்பதற்குக் காட்டில் நடத்திய ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். ஆதாரத்துக்கு முன்பே தாய் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறைவான உழைப்பைக் கண்டால் அதற்கு உடனே தாய்மை என்று ஏன் பெயர் வைக்கிறோம்? தாய் என்று சொல்லிவிட்டால் கூலி கேட்கும் பேச்சு எழாது. என் பெரியம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாடு கறந்து, ஏழு பேருக்குச் சமைத்து, வயலுக்கும் போய்வந்தவர். குடும்பமே அவரைத் தெய்வம் என்றது. பத்து வருட மூட்டுவலிக்கு அவரை மருத்துவரிடம் கூட்டிப்போகத்தான் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. தெய்வத்துக்கு மூட்டு வலிக்குமா என்ன?

பூஞ்சையோ தெய்வமாக இருக்கச் சம்மதிப்பதில்லை. அது தாவரத்திடமிருந்து சர்க்கரை வாங்குகிறது. தாவரம் தயாரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட வேர்ப்பூஞ்சைக்குப் போகலாம். டோபி கியர்ஸும் அவர் குழுவினரும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அதிகப் பாஸ்பரஸ் தரும் பூஞ்சைக்கு வேர் அதிகச் சர்க்கரை கொடுத்தது. அதிகச் சர்க்கரை தரும் வேருக்குப் பூஞ்சையும் அதிகப் பாஸ்பரஸ் கொடுத்தது. அங்கே கண்ணுக்குத் தெரியாத உழைப்பு உண்டு. ஊதியமற்ற உழைப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

நம் வீடுகளின் கணக்கு வேறு. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ வீட்டுவேலை மட்டும் செய்பவள் ‘வேலை செய்யாதவர்’.

கணக்குப் பார்த்தால் பாசம் எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. படுத்த படுக்கையான மாமனாரும் பச்சைக் குழந்தையும் எதையும் திருப்பித் தர முடியாது. குறைவாகத் தரும் பூஞ்சைக்கு வேர் சர்க்கரையைக் குறைப்பது போல அவர்களுக்கு நாம் குறைக்க முடியுமா? முடியாது, கூடாது. காட்டிலும் எல்லாம் கொடுக்கல் வாங்கலாக நடப்பதில்லை. மோனோட்ரோபா என்ற வெள்ளைச் செடி பச்சையமே இல்லாமல், பூஞ்சையிடம் உணவை உறிஞ்சியே வாழ்கிறது. பதிலுக்கு அது எதையும் தருவதாகத் தெரியவில்லை. ஆகவே சந்தையையும் சுரண்டலையும் தியாகத்தையும் காட்டில் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். நீதியை மட்டும் அங்கிருந்து பெயர்த்து எடுத்துவர முடியாது, அதை நாம்தான் பேசி உண்டாக்க வேண்டும்.

என் தரப்பு இதுதான்: திருப்பித் தர முடியாதவர்களைப் பேணுவது எல்லார் கடமை, அதை ஒரு பாலின் இயல்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. திருப்பித் தர முடிந்தவர்களிடம் கணக்குக் கேட்பது பாசக்குறைவும் ஆகாது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்தின் பெயரில் ‘உரிமைத் தொகை’ என்றுதான் இருக்கிறது. தொகை போதுமா என்று வாதிடலாம். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வாசிக்கும் தோழி ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் யார் எந்த வேலையை எத்தனை நிமிடம் செய்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்காரும்போது சத்தமாக வாசியுங்கள்.