யார் வச்ச பேர்?

என் முகவரியில் ஒரு சாதி இருக்கிறது. அது என் சாதி அல்ல. முதலியார்பேட்டை என்று எழுதும்போது யாரும் அதைச் சாதியாகப் பார்ப்பதில்லை. அது ஊர்ப்பேர் ஆகிவிட்டது. எங்கள் பேர் மட்டும் இன்னும் வசவாகவே இருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் பேருக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? ரத்தத்திலிருந்தா, செயலிலிருந்தா?

நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரனின் பேரையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நூற்றாண்டில் ரைன் ஆற்றங்கரையில் இருந்த பல சிறு கூட்டங்களின் பொதுப்பேர் ஃபிராங்க். ரோமானியருக்கு அவர்கள் காட்டுமிராண்டிகள். குளோவிஸ் தலைமையில் இன்றைய பிரான்ஸ் மண்ணைப் பிடித்தார்கள். அதன்பின் 'ஃபிராங்க்' என்றால் சுதந்திரமானவன் என்று பொருளாயிற்று. 455-இல் ரோமைக் கொள்ளையடித்த வண்டல்கள் பின்னர் தோற்று அழிந்தார்கள். 1794-இல் கிரெகுவார் பாதிரியார் அவர்கள் பேரிலிருந்து நாசவேலைக்கு ஒரு சொல்லை உண்டாக்கினார். ஸ்லாவியரைப் பிடித்துப் பிடித்து விற்றார்கள். அவர்கள் பேரே ஐரோப்பிய மொழிகளில் அடிமைக்குப் பேராயிற்று.

நாலாவது பேர் நம்முடையது. பறையர் என்ற சொல் கப்பலேறிப் போய் 'பரியா' ஆயிற்று. பொருள்: ஒதுக்கப்பட்டவன். 1821-இல் அந்தப் பேரில் பாரீசில் காசிமிர் தெலவீஞின் நாடகம் நடந்தது. 1838-இல் ஃப்ளோரா திரிஸ்தான் தன்னையே ஒரு பரியா என்று சொல்லிக்கொண்டு பயணநூல் எழுதினார். பேருக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்கவில்லை.

அந்த ஐரோப்பியக் கூட்டங்கள் எதுவும் ஒரே ரத்தம் அல்ல, போகிற வழியில் பலரும் சேர்ந்து உருவானவை என்று ரைன்ஹார்ட் வென்ஸ்குஸ் 1961-இலேயே எழுதினார். அங்கே ரத்தம் கட்டுக்கதை என்றால் இங்கே மட்டும் எப்படி மெய்யாகும்? ஜெயித்தவன் பேர் சுதந்திரம் ஆகிறது, தோற்றவன் பேர் வசவாகிறது. அவ்வளவுதான்.

1881 செப்டம்பர் 21 ஆணை புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழி திறந்தது. சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, புதுக் குடும்பப்பேர் எழுதிக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போகலாம். நம்ம ஜனங்களும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். சைகோன் வரை உத்தியோகத்துக்குப் போனார்கள். எங்க ஆயா சொல்லும்: "பேரை மாத்திக்கினு சைகோன் போனான். திரும்பி வந்து பொண்ணு கேட்டா, எந்தத் தெருன்னுதாண்டா கேட்டாங்க."

அப்போ பேரை மாற்றியது வீணா? இல்லை. தன் பேரைத் தானே எழுதுகிறவன் அடுத்தவன் கையிலிருந்த எழுதுகோலைப் பிடுங்குகிறான். 1907-இல் அயோத்திதாசர் தம் இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர் வைத்ததும் அந்த உரிமையில்தான். தலித் என்று நாம் சொல்லிக்கொள்வதும் அப்படித்தான்.

ஆனால் ஃபிராங்கின் வழி நம் வழி அல்ல. தனக்குக் கீழே உரிமையில்லாதவன் ஒருவன் இருந்ததால்தான் அவன் பேருக்குச் சுதந்திரம் என்று பொருள் வந்தது. யாரையும் கீழே வைக்காத ஒரு பேர் நமக்கு வேண்டும். பேரை மாற்றுவதா, நிலத்தையும் அதிகாரத்தையும் மாற்றுவதா என்று தோழர்கள் கேட்கிறார்கள். ரெண்டும்தான் தோழர்களே.