பட்டம் வேறு, தோப்பு வேறு



தன் பிள்ளைகளில் திறமையானவனுக்கு மட்டும் ஒரு தகப்பன் தூக்கிக் கொடுக்கலாமா? பாலசமுத்திரத்தில் தோப்பு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் என்றாவது எழுகிற கேள்விதான். நம் மண்ணில் ஒரு ராஜ்ஜியமே இந்தக் கேள்வியில் சிதறிப்போனது.

1268 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் பாண்டிய நாட்டை ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியர். அரபு வணிகர்களின் குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கிய செழிப்பான காலம் அது. பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியன்; இன்னொரு பெண்ணின் மகன் வீர பாண்டியன். வீரன் துணிச்சல்காரன் என்பதால் அவனையே வாரிசாக்கினார். பொறுக்காத சுந்தரன் 1310இல் பெற்ற தகப்பனையே கொன்றான் என்று எழுதுகிறார் வஸ்ஸாஃப். அவர் நம்மூர்க்காரர் அல்ல. ஈரானில் மங்கோலியர் ஆட்சியின் கீழ் வாழ்ந்த வரலாற்றாசிரியர். சகோதரர் சண்டை ஓயும் முன்பே, 1311இல், மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்துவிட்டது.

அந்த மங்கோலியர் வீட்டுக் கதையும் இதுதான். செங்கிஸ்கான் மூத்தவன் ஜோச்சியை விட்டு, மூன்றாவது மகன் ஒகதேயைத் தேர்ந்தெடுத்தான். ஆனால் பிள்ளைகளை எதிரே வைத்துப் பேசி, அவர்கள் வாயாலேயே சம்மதம் வாங்கினான். அதனால் 1229இல் ஒகதேய் சண்டையில்லாமல் அரியணை ஏறினான். பேரன்மார் காலத்தில் அதுவும் நிற்கவில்லை. 1260இல் குப்ளாயும் தம்பி அரிக் புகாவும் ஆளுக்கொரு பக்கம் கான் என்று அறிவித்து, நான்கு ஆண்டுகள் போரிட்டார்கள்.

நம்மவர்கள் மேல் என்று மார்தட்டவும் வழியில்லை. மதுரை சுல்தான்களில் குத்புத்தீன் நாற்பதே நாளில் கொல்லப்பட்டதை இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

குலசேகரர் திறமையைப் பார்த்தது தவறா? தவறில்லை என்றே நான் சொல்வேன். ஆட்சி ஓர் அமானிதம். தகுதியானவனிடம்தான் போக வேண்டும். உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் ஆறு பேர் கொண்ட குழுவை நியமித்தபோது, தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் இருக்கலாம், கிலாஃபத்தில் அவருக்குப் பங்கில்லை என்றார்கள்.

ஆனால் தோப்பு பட்டமல்ல. "சின்னவன்தான் தண்ணீர் பாய்ச்சுகிறான், அவன் பேருக்கே எழுதிவிடுகிறேன்" என்கிறோம். உழைத்தவனுக்குக் கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள், அது அவனுடைய ஹக். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பத்திரம் எழுதுவது வேறு. கட்டிக்கொடுத்த மகள்களை அந்தக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்? ஜனாஸா முடிந்த பிறகுதான் அவர்களுக்கே விஷயம் தெரிகிறது. வாரிசுக்கு வஸிய்யத் செய்தால் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் அது செல்லாது என்பதால், உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக எழுதி விடுகிறார்கள்.

ஹிபாவில் ஏற்றத்தாழ்வு காட்டுவது மக்ரூஹ் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஹன்பலி மத்ஹபில், தக்க காரணம் இல்லாவிட்டால் கூடவே கூடாது. ஊனமுற்ற பிள்ளை, கடனில் மூழ்கிய பிள்ளை என்றால் பேச்சு வேறு.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தகப்பனார் இவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்கும்படி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். சாட்சியாக இருக்க நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். பஷீர் (ரலி) வீட்டுக்குத் திரும்பி, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.