சோற்றுக்கு நிபந்தனை

ஒருவனுக்குச் சோறு போடுகிறவருக்கு, அவன் எப்படி வாழவேண்டும் என்று சொல்லும் உரிமையும் சேர்ந்தே வந்துவிடுகிறதா? கேள்வி பழையதுதான். ஆனால் 2020-ஆம் ஆண்டு மே மாதத்து இரவு ஒன்றில், ஓசூரில் ஒரு சிறிய மெஸ்ஸின் வாசலில், கையில் கேரியரும் முகத்தில் துணியுமாக நான் நின்றிருந்தபோது அது எனக்குப் புதிதாக வந்தது. அன்று நான் அதற்கு ஒரு பதிலும் சொன்னேன். அந்தப் பதில் இன்றுவரை என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

ஓசூரைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. ஊருக்குள் மூன்று மொழிகள் பேசப்படுகின்றன. காய்கறிக்காரரிடம் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சண்டை போட்டுவிட்டு வரலாம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். எங்களுக்கு அது எல்லை என்றே தோன்றியதில்லை. பஸ்ஸின் நிறம் மாறும், கடைப் பலகையில் எழுத்து மாறும், அவ்வளவுதான். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வெளியூர் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். ஓர் அறையில் ஐந்து பேர் படுத்து, முறை வைத்து வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்குத் தாய்வீடு மாதிரி இருந்தவை இந்த மெஸ்கள்.

நான் சொல்லும் மெஸ்ஸில் ஆறு மேஜைகள். நடத்துகிறவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் அம்மாள். கணவர் இல்லை. காலையில் இட்டிலி, பகலில் சோறு, இரவில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். மாதக் கணக்குக்காரர்களுக்கு ஒரு நீண்ட நோட்டு, ஆளுக்கொரு பக்கம். அந்த நோட்டும் அடுப்பும்தான் அவருடைய சொத்து.

மார்ச் 24-ஆம் தேதி மாலை தமிழகத்தில் தடையுத்தரவு. நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு. ஆலைகளின் சங்கு நின்றது. ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, பொட்டலம் மட்டுமே என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் நோய் இல்லை. ஏப்ரல் முடியும்வரை தமிழகத்திலேயே பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி ஒன்றுதான். அந்தப் பெருமையைக் காப்பாற்றுவதற்காகவே எல்லையில் தடுப்புகள் இறுகின. நோய் வருவதற்கு முன்பே பசி வந்துவிட்டது.

அந்த மெஸ்ஸில் பன்னிரண்டு பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். ஊருக்குப் போக பஸ் இல்லை. இருக்கச் சம்பளம் இல்லை. அரசு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது உண்மைதான். ஆனால் குடும்ப அட்டை சொந்த ஊரில் அல்லவா இருந்தது! அம்மாள் கையிலிருந்த வளையலை அடகு வைத்து அரிசி வாங்கினார். வெளியூருக்கு அனுப்ப வழியில்லாமல் விவசாயிகள் ரோஜாவைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். முட்டைக்கோசை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். ஆகவே நாற்பது நாட்கள் கோசுக் கூட்டு, கோசுப் பொரியல், கோசுக் குழம்பு. என் வீட்டு இரவுச் சாப்பாடும் அங்கிருந்துதான் வந்தது. நான் பணம் கொடுத்தேன். அவர்கள் பக்கத்தில் கணக்கு மட்டும் எழுதப்பட்டது.

மே 4-ஆம் தேதி கர்நாடகத்தில் மதுக்கடைகள் திறந்தன. எல்லைப்புறத்து மக்கள் அங்கே போவதைத் தடுக்க முடியவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, 7-ஆம் தேதி தமிழகமும் திறந்தது. அன்றே விலையும் ஏறியது. சாதாரண குவார்ட்டருக்குப் பத்து ரூபாய். சுண்ணாம்பு வட்டங்களுக்குள் மனிதர்கள் வெயிலில் நின்றார்கள். நான் மருந்து வாங்கப் போனபோது அந்த வரிசையைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஒருவன் அதில் இருந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விசாரித்தபோது, ஒப்பந்தக்காரர் பழைய கூலியில் ஐந்நூறு ரூபாய் அவனுக்குக் கொடுத்திருந்தார் என்று தெரிந்தது. மெஸ்ஸில் அவன் பக்கத்தில் நாற்பது நாள் கடன்.

அன்று இரவு அவனும் வந்தான். கண் சிவந்திருந்தது, மற்றபடி அமைதியாகவே நின்றான். அம்மாள் எல்லோரையும் போல அவனுக்கும் களியை இலையில் சுற்றிக் கொடுத்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவனுக்கு இன்னுமா போடுகிறீர்கள், அம்மா? கையில் காசு வந்ததும் உங்களுக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? குடிக்கிறவனுக்குச் சோறு இல்லை என்று சொன்னால்தான் புத்தி வரும்."

அவன் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது. பொட்டலத்தைத் திண்ணைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அம்மாள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் அவனைத் திட்டுவேன் சார். காலையில வரச் சொல்லித் திட்டுவேன். சோத்து நேரத்துல திட்டமாட்டேன்" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்காரர் குடிச்சுத்தான் செத்தார். ஒருநாள் ராத்திரி அவருக்குச் சோறு வைக்காமப் படுத்துட்டேன். குடி நின்னுடல சார்" என்றார்.

என் பக்கத்து நியாயத்தையும் நான் சொல்லியாக வேண்டும். அது அற்பமானதல்ல. அந்த அரிசி ஒரு விதவையின் வளையல். அதைத் தின்றவன் தன் காசைச் சாராயத்தில் கரைத்தான். மதுவினால் வரும் கேட்டைப் பற்றி ஓசூர்க்காரனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கேதான் இருக்கிறது. அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்து, 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கைத் தொடங்கியது அன்றைய சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதில் அடக்கம். மதுவால் வந்த வருமானம் போய்விடுகிறதே என்று அவர் பின்வாங்கவில்லை. 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட இருந்தபோது, தொண்ணூறைத் தாண்டிய வயதில் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த கோபம்தான் எனக்கும் வந்தது என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் யோசிக்க யோசிக்க அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ராஜாஜி மூடச் செய்தது கடையை. நான் மூடச் சொன்னது ஒரு பசித்தவனின் இலையை. இரண்டும் ஒன்றாகுமா? 2003 முதல் தமிழகத்தில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமே. கடையைத் திறந்தவர்கள் உண்டு, விலையை ஏற்றியவர்கள் உண்டு, வட்டம் போட்டு நிற்க வைத்தவர்கள் உண்டு. இடைவெளி காக்கப்படவில்லை என்று மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 16-ஆம் தேதி மறுபடி திறந்தன. இத்தனை பெரிய ஏற்பாட்டில் நான் கண்டிக்கத் தேர்ந்தெடுத்தது யாரை? எனக்குப் பதில் சொல்ல முடியாத ஒருவனை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே ஊரடங்கில், எனக்குப் பழக்கமான காப்பித்தூள் தீர்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி, இரு மடங்கு விலை கொடுத்து வரவழைத்தேன். காப்பி குடித்தவன் மனைவியை அடிப்பதில்லை, வீட்டை விற்பதில்லை. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. ஆனால், நாட்கணக்கில் நாலு சுவருக்குள் கிடப்பவனுக்கு ஏதாவதொன்று வேண்டியிருக்கிறது என்பதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? எனக்கு வேண்டியதைத் தர ஆள் இருந்தது. அவன் வெயிலில் நின்றான்.

இதற்கெல்லாம் அடியில் வேறொரு விஷயம் இருக்கிறது. சாதாரண நாளில் நான் அப்படிப் பேசியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? "உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பான். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனின் மானம் அந்த அடுத்த கடையில்தான் இருக்கிறது. ஊரடங்கு அதைப் பறித்துவிட்டது. நேற்றுவரை வாடிக்கைக்காரர்களாக இருந்தவர்களை ஒரே இரவில் கையேந்துகிறவர்களாக்கிவிட்டது. நிபந்தனை என்பது, மறுத்துவிட்டுப் போகக்கூடியவனிடம் விதித்தால்தான் நிபந்தனை. போக இடமில்லாதவனிடம் விதித்தால் அது வெறும் பலாத்காரம். அதற்கு நாம் ஒழுக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயர் மாறுவதால் பொருள் மாறாது. மணிமேகலை அமுதசுரபியோடு சிறைச்சாலைக்குப் போனபோது, யார் என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்டுவிட்டுச் சோறு போடவில்லை. அந்தக் கதையை எத்தனையோ மேடைகளில் மெச்சிப் பேசியவன் நான்.

அடுத்த நாளும் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் அம்மாள் ஒரு பாத்திரத்தில் களியை வைத்து என் கையில் கொடுத்தார். "நீங்கதானே சொன்னீங்க சார், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க" என்றார். தகர ஷீட் போட்ட அறை அது. கதவைத் திறந்தான். பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். முகத்தை மறைத்த துணி அன்று எனக்கு வசதியாக இருந்தது. "நேரத்தோடு சாப்பிடு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து அவன் மெஸ்ஸுக்கு வந்தான். அம்மாள் அவனைக் காலையில் வரச் சொல்லித் திட்டினார். குடியை விட்டானா என்று கேட்பீர்கள். விடவில்லை. குறைத்தான் என்று அம்மாள் சொன்னார்.

ஜூன் 8-ஆம் தேதி, பாதி நாற்காலிகளோடு ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்தது. ஆலைகளும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தன. அவன் தவணை தவணையாகக் கடனை அடைத்தான். பிறகு ஒருநாள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அறுநூறு ரூபாய் பாக்கி நின்றது.

நோட்டில் அந்தப் பக்கத்தைச் சென்ற ஆண்டு பார்த்தேன். பாக்கி அப்படியே இருந்தது. "இனி எங்கே வரப்போகிறது? அடித்துவிடலாமே அம்மா" என்றேன்.

"அடிச்சா அவன் தருமச் சோறு சாப்பிட்டவன் ஆயிடுவான் சார். கடன்காரனாகவே இருக்கட்டும்" என்று சொல்லி, நோட்டை மூடி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.